போர்ட்டர் பீரை மதிப்பிடுவது: "காபி மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் என்ன எழுதுவது?

இருள்நுரை கேட்டது:

போர்ட்டர் எனும் கரும்பழுப்பு பீர் வகைகளைச் சுவைத்துக் குறிப்பெழுதப் பழகுகிறேன். பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் 50 மதிப்பெண் தாளைத்தான் வைத்துக்கொள்கிறேன். வெளிர்நிற பீர்களான லாகர், பேல் ஏல் இவற்றில் ஹாப் (கசப்பும் மணமும் தரும் பூ) எது, மால்ட் (முளைக்கவைத்து உலர்த்திய தானியம்) எது என்று ஓரளவு பிரித்துச் சொல்ல வருகிறது. போர்ட்டரில் மட்டும் எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் ஒரே குறிப்பைத்தான் எழுதுகிறேன். கடைசியாக எழுதியதை அப்படியே தருகிறேன். இங்கிலீஷ் போர்ட்டர், 5.2%, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றியது, சுமார் 4 டிகிரி:

"நிறம் கருப்பு. நுரை குறைவு, சீக்கிரம் அடங்கிவிட்டது. காபி, சாக்லேட் வாசனை. வாயில் காபி, நல்ல கசப்பு. விழுங்கியபின் வாய் வறண்டுபோகிறது. லேசாக டாஃபி. மொத்தம் 38."

எனக்குத் தெரிய வேண்டியவை: வறுத்த மால்ட்டின் கசப்பையும் ஹாப் கசப்பையும் எப்படிப் பிரிப்பது? அந்த வறட்சி குறையா, போர்ட்டரின் இயல்பா? டாஃபி மால்ட்டிலிருந்து வந்ததா, வெண்ணெய் வாடை தரும் டயசெட்டைலா? 38 என்பது சரியா?

நாவறிவோன்:

வாயில் வைக்கும் முன்பே ஒரு தவறு நடந்துவிட்டது. 4 டிகிரியில் போர்ட்டரைக் குடித்தால் காபியும் கசப்பும்தான் தெரியும். குளிரில் மணப்பொருள்கள் மேலெழும்பாது, தித்திப்பு மழுங்கிவிடும். கசப்பும் வாயுவின் கடியும் முன்னால் வந்து நிற்கும். போர்ட்டருக்கு 10 முதல் 13 டிகிரி சரியான சூடு. மதிப்பிடும்போது அதிலும் ஒரு முறை இருக்கிறது. 8 டிகிரியில் ஊற்றி, முதல் குறிப்பை அங்கேயே எழுதுங்கள். 12-ல் இரண்டாவது, 16-ல் மூன்றாவது. அதே கோப்பை, அதே பீர். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று போதும்.

ஏன் மூன்று முறை? போர்ட்டரில் வறுவல் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று மறைக்கும். ஈஸ்ட் தரும் பழ மணம், ஹாப், வெண்ணெய் வாடை, பழசாகிப்போன வாடை எல்லாம் அதற்குப் பின்னால்தான் இருக்கும். சூடு ஏற ஏற அவை ஒவ்வொன்றாக வெளியே வரும். 8 டிகிரியில் இல்லாதது 16-ல் வந்தால் அதையும் எழுத வேண்டும். பல குறைகள் அங்கேதான் பிடிபடும்.

கோப்பை: 300 மி.லி. கொள்ளும், வாய் சற்றுக் குறுகிய டியூலிப் வடிவம் நல்லது. அதில் 100 முதல் 120 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். மேலே காலியாக இருக்கும் இடத்தில்தான் மணம் தங்கும். குளிரூட்டிய கோப்பை வேண்டவே வேண்டாம்.

நுரையைப் பற்றி எழுதும் முன் கோப்பையைச் சந்தேகப்படுங்கள். எண்ணெய்ப் பசையோ பாத்திர சோப்போ மிச்சமிருந்தால் எந்த பீரிலும் நுரை நிற்காது. கோப்பையின் உட்புறத்தை நனைத்து உப்பைத் தூவிப் பாருங்கள். எல்லா இடத்திலும் சமமாக ஒட்டினால் சுத்தம். திட்டுத்திட்டாக விட்டுப்போனால் அங்கே பசை இருக்கிறது. பீர் ஊற்றியபின் பக்கச்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே பொருள்தான். இந்தச் சோதனை முடியாமல் "நுரை குறைவு" என்று எழுதினால் காய்ச்சியவருக்கு அநியாயம்.

ஊற்றியதும் முதல் வேலை முகர்வது, நிறம் பார்ப்பது அல்ல. மதிப்பெண் தாளிலும் மணம்தான் முதல் கட்டம். கந்தக வாடை போன்ற லேசானவை ஓரிரு நிமிடத்தில் பறந்துவிடும். கோப்பையை மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்ல மூக்கைக் கடந்து கொண்டுபோங்கள். அப்போதே எட்டும் மணம் எதுவோ அதுதான் வலுவானது. அடுத்து, கோப்பைக்குள் மூக்கை வைத்து இரண்டு மூன்று குறு மூச்சு. பிறகு உள்ளங்கையால் வாயை மூடி, சுழற்றி, ஐந்து விநாடி கழித்துத் திறந்து ஒரு நீள் மூச்சு. மூக்கு மரத்துப்போனால் உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள். பக்கத்தில் காபி, வாசனைத் திரவியம், சிகரெட் இருக்கக் கூடாது.

இனி "காபி, சாக்லேட்" விஷயம். இந்த இரண்டு சொல்லையும் உடைக்க வேண்டும். மால்ட் எவ்வளவு சுடப்பட்டதோ அதற்கேற்ப மணம் படிப்படியாக மாறும். ரொட்டியின் மேலோடு, வறுத்த கொட்டைகள், காய்ச்சிய சர்க்கரை, கோகோ தூள், காபி, கடைசியில் கரி, சாம்பல். உங்கள் பீர் இதில் எந்தப் படியிலிருந்து எந்தப் படி வரை விரிகிறது, எந்தப் படியில் கனமாக உட்கார்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 0 முதல் 5 வரை அளவு போடுங்கள். "காபி" என்றால் எந்தக் காபி? பால் கலந்ததா, கறுப்பா, ஆறிப்போய்ப் புளித்ததா? "சாக்லேட்" என்றால் பால் சாக்லேட்டா, கசக்கும் கறுப்பு சாக்லேட்டா, இனிப்பில்லாத கோகோ தூளா? மூன்றும் மூன்று வெவ்வேறு பீர்களைக் காட்டும்.

இங்கிலீஷ் போர்ட்டரில் கனம் கொட்டை, காய்ச்சிய சர்க்கரை, கோகோ பக்கம் இருக்க வேண்டும். கரிப் படிக்குப் போனால் வகையை விட்டு விலகுகிறது. அமெரிக்கன் போர்ட்டரில் ஓரளவு கரி வாடைக்கு இடமுண்டு. பால்ட்டிக் போர்ட்டரில் அறவே கூடாது. அது பெரும்பாலும் லாகர் ஈஸ்ட்டில் நொதிப்பது. கரியின் முரடு இல்லாமல் வழுவழுப்பாக, உலர்பழ மணத்தோடு வர வேண்டும்.

நிறம்: "கருப்பு" என்று எழுதாதீர்கள். பீரின் நிறத்தை அளக்கும் எஸ்ஆர்எம் அலகில் இங்கிலீஷ் போர்ட்டர் 20 முதல் 30, ஈபிசி அலகில் ஏறக்குறைய 40 முதல் 60. இது அடர் பழுப்பு. கோப்பையைச் சாய்த்து மெல்லிய விளிம்பை வெள்ளைத் தாள் மேல் பிடியுங்கள், பின்னாலிருந்து ஃபோன் டார்ச்சை அடியுங்கள். மாணிக்கச் சிவப்புத் தெரிந்தால் சரி. அந்த வெளிச்சத்தில்தான் தெளிவையும் சொல்ல முடியும். ஒளி கொஞ்சமும் ஊடுருவவில்லை என்றால் "தெளிவு பார்க்க இயலாத அளவு அடர்த்தி" என்று எழுதிவிட்டு நகருங்கள். அதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

தணல்:

கசப்புக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய "கசப்பு", "வறட்சி" இரண்டுக்குள்ளும் நான்கு வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. நம் மொழியில் இவற்றுக்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. கசப்பு, துவர்ப்பு, கமறல், புளிப்பு. சொல் தனித்தனியாக இருக்கும்போது நாக்கும் தனித்தனியாகப் பிடிக்கப் பழகிவிடும்.

கசப்பு சுவை. ஹாப்பிலிருந்தும் வரும், வறுத்த மால்ட்டிலிருந்தும் வரும். விழுங்கியபின் மெல்ல எழுந்து மெல்லத் தணியும்.

துவர்ப்பு சுவையைவிடத் தொடுவுணர்வு என்று சொல்வதே பொருத்தம். பாலிஃபீனால்கள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாயின் வழுக்கல் போய்விடுகிறது. கன்னத்தின் உட்புறமும் ஈறும் சொரசொரக்கும், நாக்கு அண்ணத்தில் இழுபடும். தேயிலையைப் பத்து நிமிடம் கொதிநீரில் ஊறவிட்டு, ஆறவைத்து, சர்க்கரை இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அதுதான் அளவுகோல்.

கமறல் கருகலின் வேலை. தொண்டையில் பிடிக்கும், மூச்சை வெளியே விடும்போது மூக்கில் சாம்பல் வாடை அடிக்கும்.

புளிப்பு உங்களுக்குத் தெரியும். ஆனால் கறுத்த மால்ட்டே புளிப்புத் தன்மை கொண்டது என்பதால் போர்ட்டரில் சிறு புளிப்பு இயல்பாகவே வரும்.

பிரித்துப் பார்க்கும் வழி இது. மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு ஒரு மடக்கு குடியுங்கள், விழுங்குங்கள், இன்னும் பொத்தியே வைத்திருங்கள். இப்போது வாயில் இருப்பது கசப்பு, புளிப்பு, தித்திப்பு, துவர்ப்பு மட்டும். காபியும் கோகோவும் காணாமல் போயிருக்கும். பிறகு மூக்கை விட்டு மூச்சை வெளியே தள்ளுங்கள். திடீரென்று வந்து சேர்வது முழுக்க வறுவல் மணம். மூக்கைப் பொத்தியபோதே கசப்பு பலமாக இருந்தால் அது உண்மையான கசப்பு. மூக்கைத் திறந்ததும்தான் "கசக்கிறது" என்று தோன்றினால், கரி வாடையைக் கசப்பு என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். புதிதாக மதிப்பிடுகிறவர்களிடம் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான்.

அடுத்தது மூன்று மடக்குச் சோதனை. இருபது விநாடி இடைவெளியில் மூன்று சிறு மடக்கு, நடுவில் தண்ணீர் கூடாது. கசப்பு இரண்டாவது மடக்கில் ஏறக்குறைய ஒரு மட்டத்துக்கு வந்துவிடும். துவர்ப்பு ஒவ்வொரு மடக்கிலும் கூடிக்கொண்டே போகும். மூன்றாவதில் ஈறு பிடித்துக்கொண்டால் அது துவர்ப்பு, சந்தேகமே வேண்டாம்.

வாயுவின் கடியும் ஏமாற்றும். கரிய பீரில் அது புளிப்பு மாதிரியும் கசப்பு மாதிரியும் தெரியும். 50 மி.லி.யை வேறு கோப்பையில் ஊற்றிக் கரண்டியால் நன்றாகக் கலக்கி வாயுவை விரட்டிவிட்டு, இரண்டையும் மாறி மாறிக் குடியுங்கள். வாயு போனதும் காணாமல் போவது பீரின் குணமல்ல.

போர்ட்டரின் முடிவு உலர்வாக இருக்கலாம், சொரசொரப்பாக இருக்கக் கூடாது. சர்க்கரை மிச்சமில்லாததால் தித்திப்பு நின்றுபோவது உலர்வு. வாயின் தோல் இழுபடுவது துவர்ப்பு. இங்கிலீஷ் போர்ட்டரில் துவர்ப்பு ஒரு குறைதான்.

இருள்நுரை:

அதே பீர், அதே தேதியிட்ட இன்னொரு பாட்டிலை வைத்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். கோப்பையைக் கொதிநீரில் நன்றாக அலசியபின் நுரை இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றது. இளம் பழுப்பு, கோப்பையில் வளையம் வளையமாக ஒட்டியது. டார்ச் வெளிச்சத்தில் சிவப்புத் தெரிந்தது, தெளிவாக இருந்தது. மூக்கைப் பொத்தியபோது கசப்பு நடுத்தரம்தான். திறந்ததும் காபி வந்தது, சாம்பல் மிகக் குறைவு. மூன்றாவது மடக்கில் ஈறு லேசாகச் சொரசொரத்தது.

டாஃபிதான் குழப்பம். 8 டிகிரியில் இல்லை, 12-ல் இனிமையாக இருந்தது, 16-ல் தூக்கலாகி நாக்கில் ஒரு வழுவழுப்பும் விட்டது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கெட்டில்காரன்:

16-ல் கூடி, வழுவழுப்பும் விட்டால் டயசெட்டைல் பக்கம்தான் சாய்வேன். கிரிஸ்டல் மால்ட் தரும் டாஃபி தனியாக வராது. உலர்திராட்சையும், லேசாகத் தீய்ந்த சர்க்கரையும், நாக்கில் உண்மையான தித்திப்பும் கூடவே வரும். டயசெட்டைல் மணமாக மேலே மிதக்கும். வெண்ணெய் தடவிய சோளப்பொரி மாதிரி. வாயில் தித்திப்பைக் கூட்டாது, எண்ணெய் பூசிய மாதிரி ஒரு வழுக்கல் மட்டும் விடும். போர்ட்டரில் இதைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் கோகோவும் வெண்ணெயும் சேர்ந்தால் "பால் சாக்லேட்" என்று மூளை முடிவு கட்டிவிடும். கோகோ படிக்கு நேரே "பால் சாக்லேட்" என்று எழுதினாலே ஒரு கணம் நின்று, இந்தப் பால் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டயசெட்டைல் எல்லோர் மூக்குக்கும் ஒரே அளவில் எட்டுவதில்லை. சிலருக்குக் கொஞ்சம் இருந்தாலே முகத்தில் அடிக்கும், சிலருக்கு எவ்வளவு இருந்தாலும் தெரியாது. தெரியாதவர்கள் வழுவழுப்பை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

எப்படி வருகிறது: நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஆல்ஃபா அசிட்டோலாக்டேட், பீரிலேயே டயசெட்டைலாக மாறும். ஈஸ்ட் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு நேரம் தராமல் குளிர வைத்தாலோ ஈஸ்ட்டை வடிகட்டிவிட்டாலோ அது பீரிலேயே தங்கிவிடும். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் நொதிப்பு முடியும் கட்டத்தில் 20 முதல் 22 டிகிரியில் இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் போதும். பாட்டிலில் அடைக்கும் முன் சோதிக்க வழி: ஒரே பீரை இரண்டு மூடிய ஜாடிகளில் எடுத்து, ஒன்றை 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். ஆறியதும் இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால், இன்னும் மாறாத மூலப்பொருள் மிச்சமிருக்கிறது, காத்திருக்க வேண்டும்.

வெண்ணெயோடு புளிப்பு, வாயில் தண்ணீர்த்தனம், திறந்ததும் நுரை பொங்கி வழிவது எல்லாம் சேர்ந்திருந்தால் கதை வேறு. அது பாக்டீரியா தொற்று. உங்கள் குறிப்பில் அந்த அறிகுறி எதுவும் இல்லை.

துவர்ப்புக்கு மூன்று காரணம் சாதாரணமாகக் கண்ணில் படும். மால்ட்டை அலசும் நீர் 77 டிகிரிக்கு மேல் போய், கடைசியில் பிஹெச்சும் 6-ஐ நெருங்கினால் உமியிலிருந்து துவர்ப்பு தரும் டானின் இறங்கும். கறுப்பு மால்ட் அளவு மீறினாலும் கமறலும் துவர்ப்பும் சேர்ந்து வரும். போர்ட்டருக்கு சாக்லேட் மால்ட் (சாக்லேட் நிறத்துக்கு வறுத்த மால்ட்) மொத்த மால்ட்டில் 4 முதல் 8%, கறுப்பு மால்ட் 1 முதல் 3% என்பது பத்திரமான எல்லை. மூன்றாவது, மென்நீரில் கறுத்த மால்ட்டைப் போட்டு மாவூறலின் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த கலவை) பிஹெச் 5.2-க்குக் கீழே இறங்கிவிடுவது. அப்போது வறுவல் கூர்மையாகி, திடம் (வாயில் உணரும் கனம்) குறைந்து, புளித்த கறுப்புக் காபி மாதிரி ஆகிவிடும். 5.4 முதல் 5.6 வரை நிறுத்தினால் அதே மால்ட்டே உருண்டு திரண்டு வரும். லண்டன் நீரில் பைகார்பனேட் அதிகம். கறுத்த மால்ட்டின் புளிப்பை அது சமன் செய்ததால்தான் அங்கே 18-ஆம் நூற்றாண்டில் போர்ட்டர் அவ்வளவு நன்றாக அமைந்தது.

தாளில் காரணத்தை முடிவாக எழுத வேண்டாம். உணர்ந்ததை உறுதியாக, காரணத்தை "இதுவாக இருக்கலாம், பிஹெச்சைச் சரிபார்க்கவும்" என்ற அளவில் எழுதுங்கள். கோப்பையிலிருந்து மாவூறல் தொட்டியைப் பார்க்க முடியாது.

நாவறிவோன்:

கெட்டில்காரன் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு பாதிதான். இங்கிலீஷ் போர்ட்டரில் டயசெட்டைல் தெரிந்தவுடன் குறை என்று அடித்துவிட முடியாது. பிஜேசிபியின் 2008 வழிகாட்டியில் பிரௌன் போர்ட்டருக்கு (இங்கிலீஷ் போர்ட்டரின் அப்போதைய பெயர்) மணத்தில் "குறைவு அல்லது இல்லை" என்றுதான் இருந்தது. இல்லவே கூடாது என்றில்லை. 12 டிகிரியில் இனிமையாகப் பின்னணியில் இருந்தவரை மன்னிக்கலாம். 16-ல் மற்ற மணங்களை மிஞ்சி வழுவழுப்பும் விட்டதால் மணத்தில் ஒன்று, சுவையில் ஒன்றிரண்டு குறைப்பேன். இதே அளவு பால்ட்டிக் போர்ட்டரில் இருந்தால் இன்னும் கடுமையாகக் குறைப்பேன்.

போர்ட்டரில் தேட வேண்டிய மற்ற குறைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழசாகிப் போன வெளிர் பீர் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி நாறும். போர்ட்டரில் அது பெரும்பாலும் அப்படி வராது. ஷெர்ரி ஒயின், அளவு மீறிய உலர்திராட்சை, கொஞ்சம் தேன் என்று வரும். 8% பால்ட்டிக் போர்ட்டரில் இது சிறிதளவு அழகு. 5% இங்கிலீஷ் போர்ட்டரில் சூட்டில் கிடந்த பாட்டில் என்று பொருள். பீர் வணிகத்தில் 3-30-300 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் இருந்தால் ஏறக்குறைய ஒரே அளவு பழசாகும். ஆகவே பாட்டிலில் உள்ள தேதியை மட்டும் நம்பாதீர்கள்.

சோயா சாஸ், இறைச்சி வேகவைத்த நீர் போன்ற வாடை என்றால் செத்த ஈஸ்ட் சிதைந்த அடையாளம். வறுவலோடு கலந்து "ஆழமான சுவை" என்று ஏமாற்றும். மருந்துக்கட்டு, ஆஸ்பத்திரி நெடி என்றால் குளோரின் போகாத நீரிலோ சரியாக அலசாத பாத்திரத்திலோ உருவான குளோரோஃபீனால். இதைப் புகை மணம் என்று எழுதிவிடாதீர்கள். புகை நெஞ்சில் வெதுவெதுப்பாக இறங்கும், இது பிளாஸ்டிக் போலத் தனியாக நிற்கும். உலோக வாடை சந்தேகமா? ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்து முகருங்கள். தோலில் பட்டதும் இரத்த வாடை மாதிரி எழுந்தால் பீரில் இரும்பு இருக்கிறது.

மதிப்பெண்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. 38 முதல் 44 வரை உள்ள பட்டை "மிகச் சிறப்பு", அதாவது சில்லறைத் திருத்தம் மட்டும் தேவைப்படும் பீர். வாய் வறள்கிறது, நுரை நிற்கவில்லை என்று எழுதிவிட்டு 38 போட்டால் எழுத்தும் எண்ணும் ஒன்றையொன்று மறுக்கின்றன. உங்கள் புதிய குறிப்புப்படி நான் போடுவது: மணம் 8, தோற்றம் 3, சுவை 12, வாயுணர்வு 3, ஒட்டுமொத்தம் 6. கூட்டினால் 32. 30 முதல் 37 வரையுள்ள "மிக நன்று" பட்டைக்குள் வருகிறது. வகைக்குப் பொருந்தும், கவனிக்க வேண்டிய குறைகளும் இருக்கும் பீருக்கு அதுதான் இடம். எப்போதும் முதலில் எழுத்து, பிறகு எண். எண்ணைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தால் எழுத்து அந்த எண்ணுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடும்.

ஊறல்மணி:

ஒரு சின்னக் கேள்வி. போர்ட்டரையும் ஸ்டவுட்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியுமா? மதிப்பெண் போடும்போது வகை மாறிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கெட்டில்காரன்:

உறுதியாகப் பிரிக்க முடியாத பீர்கள் நிறைய உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்டவுட் என்ற சொல்லே முதலில் "ஸ்டவுட் போர்ட்டர்", அதாவது வலுவான போர்ட்டர் என்ற பொருளில் வந்ததுதான். 1817-ல் டேனியல் வீலர் உருளையில் மால்ட் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு போர்ட்டரின் நிறமும் மணமும் பெரும்பாலும் பிரௌன் மால்ட்டிலிருந்து வந்தவை. அதன்பின் வெளிர் மால்ட்டோடு கொஞ்சம் கறுப்பு மால்ட் சேர்த்தாலே நிறம் கிடைத்தது. சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வந்ததும் வெளிர் மால்ட்டிலிருந்து அதிகச் சாறு இறங்குவது எண்ணிக்கையாகவே தெரிந்துவிட்டதால் கணக்குப் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

இன்றைய நடைமுறையில் நான் பார்ப்பது: மால்ட் ஆக்காத வறுத்த பார்லியின் உலர்ந்த காபி முன்னால் நின்றால் ஸ்டவுட். கோகோ, கொட்டை, காய்ச்சிய சர்க்கரை முன்னால் நின்று காபி துணையாக வந்தால் போர்ட்டர். கசப்பு அளவு இங்கிலீஷ் போர்ட்டருக்கு 18 முதல் 35 ஐபியு, அமெரிக்கனுக்கு 25 முதல் 50. ஆரஞ்சுத் தோல், பைன் மர மணம் தெரிந்தால் அமெரிக்க ஹாப், அப்போது இங்கிலீஷ் கட்டத்தில் வைத்து மதிப்பிடுவது தவறு. எந்த வகை என்று பாட்டிலில் போட்டிருக்கிறதோ அந்த வகையின் குறிப்பை முதலில் படித்துவிட்டுக் கோப்பையைத் தொடுங்கள்.

தணல்:

இருள்நுரைக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் நாக்கை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒரே போர்ட்டரை 330 மி.லி. வீதம் பிரித்துக்கொண்டு, ஒன்றைத் தொடாமல் வையுங்கள். இரண்டாவதில் பத்து நிமிடம் ஊறிய கடுந்தேநீர் 30 மி.லி. இது துவர்ப்பு. மூன்றாவதில் 5% வினிகர் 3 மி.லி. இது தொற்றுப் புளிப்பு. நான்காவதில் ஒரு தேக்கரண்டி ஷெர்ரி, இது பழசான பீர். ஐந்தாவதில் ஒரு துளி வெண்ணெய் எசன்ஸ். டயசெட்டைல் இல்லாத எசன்ஸும் கடைகளில் வருகிறது, அதில் பயனில்லை. ஒளி கெடுத்த வாடை வேண்டுமென்றால் தெளிந்த கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கால் மணி நேரம் நேர்வெயிலில் வையுங்கள். கரிய பீருக்கும் இது நடக்கும், வெளிர் பீரை முதலில் முகர்ந்து பழகினால் இங்கே எளிதாகப் பிடிபடும். கலந்ததைத் தொடாததோடு அடுத்தடுத்து வைத்துத்தான் பார்க்க வேண்டும், தனியாகக் குடித்தால் கற்க மாட்டீர்கள்.

பிறகு முக்கோணச் சோதனை. வேறொருவர் மூன்று கோப்பை ஊற்ற வேண்டும். இரண்டு ஒரே பீர், ஒன்று மாறியது. மூன்றும் ஒரே சூடு, ஒரே அளவு. நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஒளிபுகாத கோப்பை. எது வேறு என்று சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலே மூன்றில் ஒரு முறை சரியாகும், அதனால் ஒரு சுற்றை வைத்து மகிழ வேண்டாம். ஆறு சுற்று செய்து ஐந்து சரியானால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 2%-க்கும் குறைவு. நான்கு சரி என்றால் 10%, அது போதாது. ஒரே நாளில் ஆறு சுற்றும் வேண்டாம். ஒவ்வொரு மடக்கும் 15 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. நடுவே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும். வறுவல் நாக்கில் படிந்துவிடும், நான்கைந்து போர்ட்டருக்குப் பிறகு எழுதும் குறிப்பை நம்ப முடியாது.

இருள்நுரை:

எல்லோருக்கும் நன்றி. திருத்தி எழுதியது:

"மணம்: வறுத்த கொட்டை 3, கோகோ தூள் 3, கறுப்புக் காபி 2, சாம்பல் 0.5. பிளம் பழம் லேசாக. 16 டிகிரியில் வெண்ணெய் 2. தோற்றம்: அடர் பழுப்பு, மாணிக்கச் சிவப்பு விளிம்பு, தெளிவு, இளம் பழுப்பு நுரை இரண்டு நிமிடம். சுவை: முதலில் கோகோ, நடுவில் காபி, நடுத்தரக் கசப்பு, உலர்ந்த முடிவு. வாயுணர்வு: நடுத்தரத் திடம், மிதமான வாயு, மூன்றாம் மடக்கில் லேசான துவர்ப்பு, சூடேறியபின் வழுவழுப்பு. 32."

நாவறிவோன்:

இப்போது இதைப் படித்தால் காய்ச்சியவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். ஒன்று மட்டும் விட்டிருக்கிறீர்கள்: ஹாப் மணம். இருந்தால் எவ்வளவு, மண் வாசனையா பூ வாசனையா என்று எழுதுங்கள். இல்லை என்றால் "ஹாப் மணம் இல்லை" என்றே எழுதுங்கள். வெற்றாக விட்டால், தேடினீர்களா மறந்தீர்களா என்று தாளைப் படிக்கிறவருக்குத் தெரியாது. பிளம் பழம் எந்தச் சூட்டில் வந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.